முப்பது மார்க்குக்கு ஒரு பூச்சி

"இது உன்னோடது இல்ல," என்றார் டாக்டர் இரியாஸ், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"என்னோடதுதான் டாக்டர்."

"பொய் சொல்லாதே. யார் வீட்டுல வாங்கினே?"

டனேலியாவுக்கு முதலில் புரியவில்லை. நான்கு வருடமாக நுண்ணுயிரியல் படிக்கிறாள். காப்பியடித்தாள் என்று சொல்லியிருக்கிறார்கள், தாமதமாக வந்தாள் என்று சொல்லியிருக்கிறார்கள். வசதியான வீட்டு மலத்தைக் கொண்டுவந்து தன்னுடையது என்று ஏமாற்றுகிறாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"ரொம்ப சுத்தமா இருக்கு," என்றார் அவர், குற்றப்பத்திரிகை வாசிக்கும் குரலில். "ஒரு முட்டை இல்ல. ஒரு அமீபா இல்ல. நீ எங்கே குடியிருக்கே?"

"நுவேவா கலிலேயா."

"மலை மேலயா? குழாய்த் தண்ணி வருதா?"

"லாரித் தண்ணிதான். பீப்பாயில புடிச்சு வெச்சுக்குவோம்."

"அப்புறம் எப்படிம்மா?"

"அம்மா கொதிக்க வைப்பாங்க டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று டப்பாவை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

ஒட்டுண்ணியியல் பாடத்தில் சட்டம் இதுதான். உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் சாம்பிள் கொண்டுவர வேண்டும். அதில் ஒரு பூச்சியோ முட்டையோ இருக்க வேண்டும். கண்டுபிடித்து, பெயர் சொல்லி, படம் வரைந்தால் முப்பது மார்க். முப்பது போனால் பாடம் போகும். பாடம் போனால் உதவித்தொகை போகும். உதவித்தொகை போனால் டனேலியா மறுபடியும் பஸ் நிறுத்தத்தில் அம்மாவோடு மாவு பிசைய வேண்டியதுதான்.

சட்டம் எல்லோருக்கும் இல்லை. ஃபப்ரீசியோ மாதிரி வாசலில் காவலாள் நிற்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "உங்க வீடுகள்ல இதெல்லாம் எங்கே கிடைக்கும்? டிபார்ட்மென்ட் ஸ்லைடைப் பாத்து வரைஞ்சு குடுங்கப்பா, போதும்."

"எனக்கும் ஸ்லைடு குடுங்க டாக்டர்," என்றாள் டனேலியா.

"உனக்கு எதுக்கு? நீ கதவைத் திறந்து கையை நீட்டினா போதும். ஒரு வகையில உனக்கு அது வசதி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன்."

"எனக்கும் ரெண்டு பார்சல் கட்டிக் கொண்டுவா டனேலியா," என்றான் ஃபப்ரீசியோ. வகுப்பு சிரித்தது. டாக்டர் சிரிக்காத மாதிரி சிரித்தார்.

அவள் இருபது டப்பா வாங்கிக்கொண்டு மலை ஏறினாள்.

பக்கத்து வீட்டு ஒபேலியா கதவைப் பாதி திறந்து, விஷயத்தைக் கேட்டு, மீதியையும் மூடப் போனாள். "என் வீட்டுல பூச்சியா? யாருடி சொன்னது? பிப்ரவரியில வந்த வெள்ளைக்காரப் பசங்க மாத்திரை குடுத்தாங்க. மே மாசம் வேற சபைக்காரங்க வந்து அதே மாத்திரையைக் குடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னா அந்தப் பொண்ணுங்க அழுவுது. பாவமா இருக்கேன்னு முழுங்கினேன்."

அங்கேதான் சிக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே நிறச் சட்டை போட்ட ஒரு கூட்டம் வடக்கேயிருந்து விமானம் ஏறி வரும். கித்தார் வாசிக்கும், குழந்தைகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும், ஆளுக்கொரு பூச்சி மாத்திரை கொடுக்கும். குழாய் கேட்டால் ஜெபம் செய்யும். நுவேவா கலிலேயாவுக்கு ரோடு இல்லை, சாக்கடை இல்லை, தண்ணீர் இல்லை. குடல்கள் மட்டும் கண்ணாடிபோல் இருந்தன.

இருந்தும் கெஞ்சிக் கூத்தாடிப் பன்னிரண்டு சாம்பிள் சேர்த்தாள். பன்னிரண்டும் சுத்தம்.

புதன்கிழமைக்குள் மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிளாங்காவின் மகள் வீடு வீடாக வயிற்றைப் பற்றி விசாரிக்கிறாளாம். ஏன் விசாரிக்கிறாள்? பிளாங்கா கடையில் தின்றவர்களுக்கு ஏதோ ஆகியிருக்கிறது.

பிளாங்கா, டனேலியாவின் அம்மா, பஸ் நிறுத்தத்தில் பலேயாதா விற்கிறாள். தடித்த கோதுமை ரொட்டி, மசித்த பயறு, பாலாடை, மேலே கொஞ்சம் சீஸ். காலை எட்டு மணிக்குள் தட்டு காலியாகிவிடும். வியாழக்கிழமை பத்து மணிக்கும் பாதித் தட்டு அப்படியே இருந்தது.

"பத்தொம்பது வருஷமா இதே இடத்துல நிக்கிறேன்," என்றாள் பிளாங்கா. "ஒருத்தர் வயித்தைப் புடிச்சதில்ல. நீ நாலு நாள் டப்பாவைத் தூக்கிட்டு நடந்தே, முடிஞ்சுது என் கடை."

"நான் விளக்கிச் சொல்லிடறேன்மா."

"வேண்டாம்டி. நீ விளக்கினா இன்னும் மோசமாவும்."

டனேலியா விளக்கினாள். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கடையின் குடையில் தொங்கவிட்டாள்: "மலம் சேகரிப்பது படிப்புக்காக மட்டும். இங்கே விற்கும் பலேயாதாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

அன்று இரண்டு பலேயாதா விற்றது. இரண்டையும் வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு வழி யோசித்தாள். சாம்பிள் கொடுப்பவர்களுக்கு "பூச்சி இல்லை" என்று பரிசோதனைக் கூடத்துச் சீட்டு ஒன்று இலவசமாகத் தருவது. தையல் ஆலையில் வேலைக்குச் சேர அப்படி ஒரு சீட்டு கேட்கிறார்கள். சுகாதார நிலையத்தில் அதற்கு மூன்று வாரம் அலைய வேண்டும். ஊர் சுத்தம் என்று தெரிந்தால் அம்மா கடையும் சுத்தம் என்று தெரியும், கூட்டத்தில் யாராவது ஒருவர் மாத்திரைக்குத் தப்பியிருக்கவும் கூடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தாள். விவரம் வேண்டுமானால் அம்மாவின் கடையில் கேட்கலாம் என்றும் சொல்லிவைத்தாள்.

ஞாயிறு காலை பலேயாதாக் கடையின் முன்னால் முப்பத்தியொரு பேர் வரிசையில் நின்றார்கள். பிளாங்காவின் முகம் மலர்ந்தது. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு டப்பா இருப்பதை அப்புறம்தான் பார்த்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கடையைப் பார்த்தார்கள், வரிசையைப் பார்த்தார்கள், டப்பாக்களைப் பார்த்தார்கள், எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

"எங்கம்மா வெக்கறது?" என்று முதல் ஆள் கேட்டார். "இந்த சீஸ் பக்கத்துல வெக்கலாமா?"

பிளாங்கா கல்லை இறக்கினாள், அடுப்பை அணைத்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் டனேலியாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மகளின் பஸ் காசு, புத்தகம், வெள்ளைக் கோட்டு எல்லாம் அந்த அடுப்பிலிருந்துதான் வந்தன.

முப்பத்தியொன்றும் சுத்தம். யார் பெயரை எழுதுகிறோம் என்றுகூடக் கவனிக்காமல் முப்பத்தியொரு சீட்டு எழுதிக் கை வலித்தது. மனித வரலாற்றிலேயே ஆரோக்கியத்தைப் பார்த்து அழுத முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தெஞ்சா கடைப் பக்கம் வந்தாள். வாரம் முழுக்க கீழே நகரத்தில் வீட்டுவேலை செய்யும் இடத்திலேயே தங்குகிறவள். சனி, ஞாயிறுதான் மலையில் பார்க்கலாம். ஆறிப்போன ஒரு பலேயாதாவை எடுத்து யோசிக்காமல் கடித்தாள். அந்த வாரத்தில் விஷயம் தெரிந்தும் அப்படிக் கடித்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னடி, பூச்சி தேடி அலையறியாமே?"

"ஒண்ணாவது வேணும் தெஞ்சாக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"என்ன பூச்சி?"

"எதுவா இருந்தாலும் சரி."

"இதை முதல்லயே என்கிட்ட கேக்கறதுக்கு என்ன? ஒரு டப்பா குடு. வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்குக் காய்கறிச் சந்தை வாசலுக்கு வா."

"யாரோடது?"

"பேர் கேக்காதே. ஆம்பளை. அம்பது தாண்டின ஆளு."

"பூச்சி இருக்கும்னு எப்படித் தெரியும்?"

"அந்தக் கக்கூஸைக் கழுவறது நான்தானே," என்றாள் தெஞ்சா. "எனக்குத் தெரியாதா?"

அவள் புருஷன் சீக்கோவைத்தான் சொல்கிறாள் என்று டனேலியா நினைத்தாள். சீக்கோ எந்த மாத்திரைக் கூட்டம் வந்தாலும் ஒளிந்துகொள்கிற ஆள். சரி, கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உருளைப்புழு முட்டை. பக்கத்தில் சாட்டைப்புழு முட்டை. ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினால் ஜியார்டியா, மந்தை மந்தையாக. பாடப் புத்தகத்தின் மூன்று அத்தியாயங்கள் ஒரே மனிதனுக்குள் குடியிருந்தன.

டாக்டர் இரியாஸ் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பதினாறு வருஷ சர்வீஸ்ல," என்றார் மெதுவாக, "இப்படி ஒண்ணு பாத்ததில்ல. இவ்வளவு நாள் ஏம்மா மறைச்சு வெச்சே?"

வகுப்பைக் கூட்டினார். ஸ்லைடைத் திரையில் போட்டார். நோயாளி விவரப் படிவத்தை எடுத்தார்.

"தொழில்?"

"தெரியாது டாக்டர்."

"கொத்தனார்," என்று எழுதினார்.

"எப்படி டாக்டர் தெரிஞ்சுது?" என்றான் ஃபப்ரீசியோ.

"அனுபவம்பா. படிப்பு? கைநாட்டுன்னு போட்டுக்கறேன். செருப்பு போடுவானா?"

"தெரியாது டாக்டர்."

"வெறுங்கால்."

டனேலியாவால் வாயை அடக்க முடியவில்லை. "டாக்டர், இந்தப் பூச்சி எதுவும் கால் வழியா வராது. வாய் வழியாத்தான். கழுவாத கீரை, சாலட், அந்த மாதிரி."

"சாலட்டா?" டாக்டர் வகுப்பைப் பார்த்துப் புன்னகைத்தார். "இவன் சாலட்டைக் கண்ணால பாத்திருப்பானா?"

வகுப்பு சிரித்தது. அவர் நாற்பது நிமிடம் பேசினார். ஒரு ஸ்லைடைப் பார்த்தால் போதும், ஒரு மனிதனின் வாழ்க்கையையே படித்துவிடலாம் என்றார். இவன் கை கழுவ மாட்டான். நகம் வெட்ட மாட்டான். டாக்டரைப் பார்க்க மாட்டான், பார்த்தாலும் கேட்க மாட்டான். மாத்திரையைக் கையில் கொடுத்தாலும் சந்தேகப்படுவான். தன்னைப்பற்றி இவனுக்கு எதுவுமே தெரியாது. இதற்குப் பெயர் வறுமை இல்லை, மனநிலை. ஃபப்ரீசியோ "மனநிலை" என்று எழுதி அடிக்கோடிட்டான்.

டனேலியாவுக்கு முப்பதுக்கு முப்பது. அவள் மூச்சு விடுவதற்குள் டாக்டர் சொன்னார்: "நாளைக்கு எல்லாரும் மலைக்குப் போறோம். நோயாளியை நேர்ல பாக்கறோம், மாத்திரை குடுக்கறோம், போட்டோ எடுக்கறோம். கட்டுரையாவே போடலாம்."

"அவர் வெக்கப்படுவார் டாக்டர்."

"ஆளைக் காட்டு. காட்டலேன்னா சாம்பிள் எங்கேயிருந்து வந்துச்சுங்கற கேள்வி வரும். அப்புறம் முப்பது மார்க் மட்டும் இல்ல, துறைத் தலைவருக்கு எழுத வேண்டியிருக்கும்."

அன்று சாயங்காலமே சீக்கோவைப் பிடித்தாள்.

"நாளைக்கு அஞ்சு நிமிஷம் வாசல்ல நின்னா போதும் சீக்கோ அண்ணே. மாத்திரையை வாங்கிட்டு உள்ளே போயிடுங்க."

"எதுக்கு?"

"உங்க வயித்துல இருக்கறதுக்கு."

சீக்கோ எழுந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து அவள் கையெழுத்திட்ட சீட்டை எடுத்து அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்று வாங்கியது. "பூச்சி இல்லைன்னு எழுதிக் குடுத்தது நீதானே? திங்கக்கிழமை ஆலையில சேரப் போறேன். என் பொழப்பைக் கெடுத்துடாதே, போ."

டனேலியா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீக்கோ இல்லை என்றால் வேறு யார்? தெஞ்சாவிடம் கேட்கலாம் என்றால் அவள் போனை எடுக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பிக்கப் வண்டிகள் மலை ஏறின. டாக்டர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இரண்டு முகக்கவசம், கையுறை போட்டிருந்தார். ஃபப்ரீசியோ தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே பயந்து கட்டிப்பிடித்திருந்தான். மலையே வேடிக்கை பார்க்க வந்தது. அடுப்பு மூட்டாத கடையிலிருந்து பிளாங்காவும் வந்தாள்.

"யாரும் பயப்பட வேண்டாம்," என்றார் டாக்டர், கூட்டத்தைப் பார்த்து. "எல்லாருக்கும் பூச்சி மாத்திரை உண்டு."

"மறுபடியுமா?" என்றாள் ஒபேலியா.

டனேலியா அவர்களைத் தெஞ்சாவின் வீட்டுக்கு அழைத்துப்போனாள். வேறு எங்கே போவது? கதவைத் தட்டும்போது, இந்தக் கதவுக்குப் பின்னால் தன் படிப்பு முடிகிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பஸ் இறங்கியிருந்த தெஞ்சா, தலையில் துண்டோடு கதவைத் திறந்தாள். அத்தனை பேரையும் பார்த்துத் திகைத்து, நிலைப்படியிலேயே நின்றாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவில் எந்த இடத்தைத் தொடாமல் உள்ளே நுழையலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் எங்கே?" என்றார். "வெக்கப்பட எதுவும் இல்லம்மா. அவன் தப்பு இல்ல, அறியாமை. கூப்பிடு."

தெஞ்சா அவரைப் பூட்ஸிலிருந்து முகக்கவசம் வரை ஒருமுறை பார்த்தாள்.

"இங்கே அப்படி யாரும் இல்லையா? அப்போ இந்தப் பொண்ணு என்னை ஏமாத்தியிருக்கா. எல்லாரும் கேட்டுக்கங்க, நோயாளி யாருன்னு இப்பவே தெரியணும். இல்லேன்னா திங்கக்கிழமை இவ யுனிவர்சிட்டி வாசப்படி மிதிக்க முடியாது."

தெஞ்சா டனேலியாவின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற பிளாங்காவைப் பார்த்தாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க முழுங்க வேண்டிய மாத்திரைக்கு நீங்களே இவ்வளவு தூரம் ஏறி வரணுமா டாக்டர்?" என்றாள். "சொல்லியிருந்தா எப்பவும்போல காலைக் காப்பியோட நானே உங்க மேஜையில கொண்டுவந்து வெச்சிருப்பேனே."