ஒப்பீட்டுக்கு நாற்பது பேர்

தனிமையை ஒழித்துக் காட்டிய ஊர் எது என்று வருங்காலம் கேட்டால், நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து ஹோல்மவிக் நகராட்சி தலைநிமிர்ந்து பதில் சொல்லும். தனியாக வாழும் முதியவர்கள் எண்பது பேரைத் தேடிப் பிடித்தார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். நாற்பது பேர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை 'நல்லுறவுப் பணியாளர்' போய் இருபது நிமிடம் பேசுவார். கைக்கடிகாரம் ஒலித்ததும் எழுந்துவிடுவார். மற்ற நாற்பது பேரிடம் யாரும் பேசப் போகமாட்டார்கள். இவர்கள் 'ஒப்பீட்டுக் குழு'. திட்டத்தின் பயன் தெரிய வேண்டுமானால், பயன் கிடைக்காதவர்களும் வேண்டுமல்லவா?

இந்த ஒப்பீட்டுக் குழுவின் தனிமையை அளக்கும் பெரும்பொறுப்பு நகராட்சி ஊழியை இங்குனிடம் வந்தது. வாரந்தோறும் வீடு வீடாகப் போய் நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பணியாளர் போகும் வீடுகளுக்கு அதே படிவம் தபாலில் போய்விடும். வியாழக்கிழமை மதியம் டோர்லைஃப் வீடு. எண்பத்திரண்டு வயது, ஹெர்ரிங் மீன்படகு ஓட்டியவர், மனைவியை இழந்து ஆறு வருடம்.

"வாம்மா, உட்காரு. வாஃபிள் ஆறிடப் போகுது."

"முதல்ல கேள்வி. இந்த வாரம் எத்தனை பேரோட பேசினீங்க?"

"ஒருத்தரோட."

"யாரு?"

"நீதான். போன வாரமும் நீதான். வேற யாராவது வந்தா உங்கிட்ட சொல்லாமலா இருப்பேன்?"

பதினேழாம் கேள்வி: 'ஆவலோடு எதையாவது எதிர்பார்த்திருக்கிறீர்களா?'

"வியாழக்கிழமையை."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இங்குன் 'ஆம்' என்று குறித்தாள்.

ஆறு மாதத்தில் பேரிடி விழுந்தது. பணியாளர் போன நாற்பது பேருக்குத் தனிமை அப்படியே இருக்க, யாரும் போகாத நாற்பது பேருக்கு அது குறைந்திருந்தது! துறைத் தலைவர் குட்முண்ட் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இங்குன், அந்த வீடுகள்ல என்னதான் பண்ணீங்க?"

"கேள்வி கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவங்க பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

சபை அதிர்ந்தது.

"முடிக்கிற வரைக்குமா?" புள்ளியியல் நிபுணர் சோல்வைக் தலையில் கைவைத்துக்கொண்டாள். "போச்சு! கணக்குல அன்பு கலந்துடுச்சு. மொத்தத் தரவும் கெட்டுப்போச்சு."

"அப்ப இதையே திட்டமா வெச்சுக்கலாமே?" என்றாள் இங்குன்.

"வெச்சுக்கலாம்," என்றார் குட்முண்ட் பொறுமையாக. "ஆனா அதை அளக்க இன்னும் நாற்பது பேரைத் தனியா வெக்கணுமே. அத்தனை பேருக்கு நான் எங்கம்மா போவேன்?"

அறிவியலின் தூய்மையைக் காக்க, இனி ஒப்பீட்டுக் குழுவுக்குப் படிவம் தபாலில் மட்டுமே செல்லும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். இங்குனுக்கு அலுவலகத்தில் உறை ஒட்டும் வேலை.

அடுத்த வியாழக்கிழமை அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். டோர்லைஃப் கதவைத் திறந்து திகைத்து நின்றார்.

"தபால்லதான் வரும்னு கடிதாசி வந்துச்சே? நான் வாஃபிளுக்கு மாவுகூடக் கரைக்கல."

"இன்னிக்கு எங்கிட்ட கேள்வி ஒண்ணுதான். முட்டை எங்க வெச்சிருக்கீங்க?"

வருட முடிவில் அறிக்கை வந்தது. திட்டம் மாபெரும் வெற்றி. பணியாளர் போன வீடுகளில் தனிமை அப்படியேதான் இருந்தது. ஆனால் போகாத வீடுகளில் அது பலமடங்கு பெருகியிருந்ததால், திட்டத்தின் பயன் எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து நகராட்சிகள் பாடம் கேட்க வரிசையில் நின்றன. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு:

'ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரின் படிவம் நீக்கப்பட்டது. அவர் வீட்டுக்கு முன்னனுமதியின்றி ஒரு சிநேகிதி வந்துபோனது தெரியவந்துள்ளது. மற்ற முப்பத்தொன்பது பேரும் முழு ஒத்துழைப்பு நல்கினார்கள்.'