ஒரு டம்ளர் தண்ணீர், சாட்சிகளுடன்

மினசோட்டா
ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை மாலை

அன்பும் மரியாதையும் கலந்த ஆர்டிஸ் அக்காவுக்கு, தம்பி ஓரின் எழுதிக்கொள்வது.

உற்சாகத்தில் வரிசை தப்பிவிடுமோ என்று பயமாக இருப்பதால், சொல்ல வேண்டியதை முதலிலேயே எண்ணிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

1. நானும் என் மனைவி லவானும் நலம்.
2. டெல்மர் அத்தான் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.
3. பம்பில் தண்ணீர் வந்துவிட்டது!
4. ஆகவே, நீ கொடுத்த வாக்குப்படி, கேம்பர் வண்டி, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அந்தச் சக்கர வீடு, இனி என்னுடையது.

முதல் குறிப்பைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. மூன்று மாதமாக ஒரு சிங்க்கின் அடியில் மண்டியிட்டிருந்தால் யாருக்கும் வலிக்கும்.

ஜூன் மாதம் நீ தொலைபேசியில் சொன்னதை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன். "டேய் ஓரின், அப்பா அம்பத்தேழுல வாங்கின வண்டி. பதினாலு வருஷமா உன் கொட்டகையில சும்மா நிக்குது. நீ எதையாவது பிரிச்சுத் திரும்ப மாட்டியிருக்கியா? கடிகாரத்தப் பிரிச்ச, அது இன்னும் ஷூ டப்பாவுலதான் கெடக்கு. ஐஸ்கிரீம் விக்கிறவன் ஒருத்தன் கேக்கறான். பக்கச் சுவர வெட்டி ஜன்னல் வெச்சுக்குவானாம். குடுத்துடப் போறேன்" என்றாய். பம்பு ஒன்றுதான் பாக்கி, அதைச் சரிசெய்துவிட்டால் புறப்பட்டுவிடுவோம் என்று நான் முனகினேன். நீ சிரித்தாய். "அம்பது வருஷமா காத்தத் துப்பற பம்பு! சரி, செப்டம்பர் மொத திங்கள், தொழிலாளர் தினத்துக்குள்ள அதுலேர்ந்து ஒரே ஒரு டம்ளர் தண்ணி வரட்டும். வண்டி உனக்கு. வரலைன்னா திங்கக்கிழமை லாரி வரும்" என்றாய். லவானை அந்த வண்டியில் வடக்கே ஏரிக்கு அழைத்துப் போவதாக நான் சொல்லிப் பதினோரு கோடைகள் ஆகின்றன என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் "பம்பு சரியானதும்" என்பேன். "உன் பம்பு சரியாகறதுக்குள்ள ஏரி வத்திடும்" என்பாள் அவள். அதனால் அந்த ஒரு டம்ளர் எனக்கு எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்பத்தோரு வருடம் மருந்துக்கடை நடத்தியவன் எப்படி வேலையைத் தொடங்குவானோ அப்படித்தான் தொடங்கினேன். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே புல்வெளிக்கு இழுத்து நிறுத்தி, சிங்க்கின் ஓரத்தில் நிற்கும் அந்தச் சின்ன அடிபம்பை ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், ஆக இருபத்திரண்டு படங்கள். பாகங்களைக் காலி மாத்திரைப் புட்டிகளில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். பழைய பழக்கத்தில் எல்லாச் சீட்டிலும் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்றும் எழுதிவிட்டேன். தண்டின் நுனியில் கிண்ணம் போல ஒரு தோல் வாசர் இருக்கும், அதுதான் தண்ணீரை இழுத்துத் தூக்குவது. அது காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிட்டது. புதியது எங்கும் கிடைக்கவில்லை. எண்பத்தெட்டில் நீ லவானுக்குப் பரிசளித்த தோல் கைப்பை ஞாபகம் வந்தது. அதன் மூடியிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, ஒரு மாத்திரைப் புட்டியின் அடிப்பாகத்தில் கவிழ்த்து நூலால் இறுக்கிக் கட்டிக் காயவிட்டேன். அச்சு அசலாகக் கிண்ணம்! (அந்தப் பையை அவள் ஒருநாளும் வெளியே எடுத்துப் போனதில்லை என்பதை உனக்கு எழுத வேண்டாம் என்று லவான் சொல்லியிருக்கிறாள். ஆகவே எழுதவில்லை.)

பிறகு இருபத்திரண்டு படங்களையும் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்த்துக்கொண்டே, எது எப்படி இருந்ததோ அது அப்படியே இம்மி பிசகாமல் மாட்டினேன். வெளிப்பக்கத்துத் துவாரம் வழியாகப் பெஞ்சின் அடியில் இருக்கும் டேங்குக்குப் பதினைந்து காலன் தண்ணீர் ஊற்றினேன். அடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு முறை அடித்தேன். காற்று. பிரித்து மாட்டி மறுபடி அடித்தேன். காற்று. இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் படங்களோடு ஒப்பிட்டேன், ஒரு பிழையும் இல்லை. எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பத்தோரு வருடத்தில் யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்திருப்பேனோ என்று தூக்கம் போயிற்று.

நேற்று காலை பக்கத்துப் பண்ணை கேலன் வந்தார். பால் கறக்கும் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். காபி குடிக்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்றார், வேண்டாம் என்றார், மூன்றாவது தடவை அரைக் கோப்பை போதும் என்றார். இரண்டு கோப்பை குடித்துவிட்டு பம்பின் தண்டை உருவிப் பார்த்தார்.

"ஏம்ப்பா ஓரின், கிண்ணத்தக் கவுத்து வெச்சு அதுல சூப்பு ஊத்துவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் இத ஏன் கவுத்து மாட்டியிருக்க?"

படத்தைக் காட்டினேன். அப்படித்தான் இருந்தது, பதினேழாம் எண் படம்.

"யாரு மாட்டினாங்களோ அந்த மகராசன் தலைகீழா மாட்டியிருக்கான். நீயும் அதப் பாத்துப் பாத்து ஏழு தடவ தலைகீழா மாட்டியிருக்க. உன்ன மாதிரி ஒழுங்கா தப்பு பண்றவன நான் பாத்ததே இல்லப்பா!"

எழுபத்துநான்காம் ஆண்டு கோடையில் அந்தப் பம்பைக் கடைசியாகச் சரிசெய்தது யார் என்று லவான் உரக்கச் சொன்னாள். நான் சொல்லவில்லை. இரண்டாவது குறிப்பை மறுபடி பார்க்கவும். அப்போது இருட்டிக்கொண்டிருந்திருக்கலாம், கொசுவும் இருந்திருக்கும். "தொழிற்சாலைக்காரன் ஏமாத்திட்டான்" என்று அத்தான் ஐம்பது வருடமாகச் சொல்லி வந்ததையும் நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசரைத் திருப்பி மாட்டினேன். அடித்தேன். அப்போதும் காற்றுதான். "தொண்ட காஞ்சு கெடக்குப்பா. மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி அடி" என்றார் கேலன். கடையில் உபயோகித்த அளவுக் குவளையில் சரியாகப் பத்து அவுன்ஸ் எடுத்து மேலே ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது அடியில் ஏப்பம் போல ஒரு சத்தம். ஏழாவது அடியில், அக்கா, தண்ணீர்! குழாயின் வளைந்த மூக்கிலிருந்து, பளபளவென்று, கொட்டியது! லவான் டம்ளரைப் பிடித்தாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. டம்ளர் நிறைந்தது. கேலன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இன்னும் அடிக்கட்டுமா?" என்றேன்.

"நிறுத்துப்பா! ஒரு டம்ளர்தான உங்கக்கா கேட்டா? ஜெயிச்சவன் ஆட்டத்த நிறுத்தணும்."

நிறுத்தினேன். டம்ளருக்குச் சீட்டு ஒட்டினேன்: ஆகஸ்ட் 29, காலை 11.40, சாட்சிகள் இருவர். படம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இன்னும் கேள். திங்கட்கிழமை வர வேண்டிய ஐஸ்கிரீம்காரர் இன்று காலையிலேயே லாரியோடு வந்து நின்றார். வண்டியைத் தர முடியாது, வேண்டாம் என்றேன். புன்னகை செய்தார். வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கொக்கிச் சங்கிலியை எடுத்தார். நம் ஊரில் முதல் இரண்டு "வேண்டாம்" மரியாதைக்கு என்று அவரும் அறிவார்தானே! மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்ததுமே, வழக்கப்படி சம்மதம்தான் சொல்கிறேன் என்று நினைத்து, வண்டியின் மூக்கில் கொக்கியை மாட்டவே தொடங்கிவிட்டார். அப்போதுதான் அது நடந்தது. நான் கத்தினேன். எழுபத்தேழு வயதில் முதல் முறையாகக் கத்தினேன். "வேண்டாம்னா வேண்டாம்! தண்ணி வந்துடுச்சு! இது என் வண்டி!" எதிர்வீட்டு அம்மாள் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஐயா, நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த மனிதர்.

"மூணு தடவ சொன்னேனே!"

"அத யாருங்க கணக்குல எடுத்துக்குவாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, லவான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தில் ஒரு துண்டு சாப்பிடச் சொன்னேன். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து லவான் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்ததாக ஞாபகம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெட்டிகளையும் கட்டத் தொடங்கிவிட்டாள்.

வண்டியின் பதிவுத் தாளில் கையெழுத்திட்டு உன் வசதிப்படி அனுப்பி வைப்பாயாக. உன் இடுப்பு வலிக்கும் அத்தானின் இரத்த அழுத்தத்துக்கும் எங்கள் விசாரிப்புகள். ஆண்டவர் உங்கள் இருவருக்கும் இதமான இலையுதிர்காலத்தையும், தாமதமாக வரும் பனியையும் அருள்வாராக.

என்றும் உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஓரின்

பின்குறிப்பு, சனிக்கிழமை காலை:

அக்கா, உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று காலை காபியைக் கேம்பருக்குள்ளேயே போடலாம் என்று லவான் ஆசைப்பட்டுப் பம்பை அடித்தாள். காற்று. நான் அடித்தேன். காற்று. சீட்டு ஒட்டிய டம்ளரை எடுத்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். பத்து அவுன்ஸ். வியாழக்கிழமை நான் மேலே ஊற்றியதும் பத்து அவுன்ஸ்.

பிறகு பெஞ்சின் பலகையை முதல் முறையாகக் கழற்றினேன். டேங்க் அங்கே இல்லை. சதுரமாக ஒரு கறையும் ஒரு பழைய எலிக்கூடும் இருந்தன. நான் ஊற்றிய பதினைந்து காலனும் தரைப்பலகையின் ஓட்டை வழியாக நேரே புல்லுக்குப் போயிருக்கிறது. இந்தக் கோடையில் அந்த ஓர் இடம் மட்டும் ஏன் அவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். டேங்கை எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது குறிப்பைப் பார்க்கவும்.

நியாயப்படி நான் தோற்றுவிட்டேன். நீ திங்கட்கிழமை லாரியை அனுப்பினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது, ஏனென்றால் இன்னும் ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஐந்து கேன் தண்ணீரோடு ஏரிக்குப் புறப்படுகிறோம். வண்டியும் எங்களோடு வருகிறது. மேலே உள்ள குறிப்புகளைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாவதை அடித்தேன். நான்காவதையும் அடிக்கப் போனபோது லவான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே பென்சிலில் இதை மட்டும் எழுதுகிறேன்: மூன்றாவது தவறு.