இஸ்திரிக்காரரின் குளிர்ப் பயிற்சி

"ஜன்னலைச் சாத்தப் போறீங்களா, இல்ல உங்களைத் தூக்கி வெளியே போடவா?"

மனைவி போட்ட கத்தலில் இஸ்திரிக்காரர் போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொண்டார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அதன் கீழே வாளி நிறைய ஐஸ்கட்டி.

"கத்தாதே. வர்ற திங்கக்கிழமை கோல்டு ஸ்டோரேஜ்ல எனக்கு வேலைக்கான பரீட்சை. அரைமணி நேரம் உள்ளே நின்னு பெட்டி அடுக்கிக் காட்டணும். இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டி பக்கத்துல வெந்த உடம்பு. குளிருக்குப் பழக்க வேண்டாமா?"

"தாராளமாப் பழக்குங்க. அதுக்கு என் போர்வை எதுக்கு?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்!"

வீட்டில் இருந்ததே இரண்டு போர்வைகள். இரண்டும் அவர் மேல்தான் கிடந்தன. அவளுக்கு மிஞ்சியது புடவைத் தலைப்பும் வயிற்றெரிச்சலும். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? இஸ்திரிக் கடையை மூடியாகிவிட்டது. இந்த வேலையும் கைநழுவினால் அடுப்பு எரியாது. அந்த ஒரே காரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

மறுநாள் பச்சைத்தண்ணீரில் குளித்தார். தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மலுக்கு ஆவி பிடித்தார். வியர்த்துக் கொட்டியது. "சூடு ஏறிப்போச்சு" என்று ஐஸை இரண்டு வாளியாக்கினார். அந்தக் குளிர் தாங்காமல் போர்வைகளோடு அடுப்போரம் போய்ப் படுத்துவிட்டார்.

"அப்போ இந்த ஐஸ் யாருக்கு?"

"அறை குளிர்ந்துகிட்டு இருக்கட்டும். நான் அப்பப்ப வந்து போறேன்."

அவர் வரவில்லை. உருகி ஓடிய தண்ணீரைத் தினமும் வெறுங்கையால் துடைத்துவிட்டு, அந்த அறையிலேயே முணுமுணுத்தபடி படுத்தவள் அவள்தான். வாளியை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

திங்கட்கிழமை வந்தது. குளிர் அறைக்குள், கம்பெனி கொடுத்த கனத்த கோட்டுக்குள்ளேயே அவருக்குப் பல் தந்தியடித்தது. வெளியே காத்திருந்த மனைவிக்கு முதலில் தும்மல் கேட்டது, அடுத்து பெட்டி விழுந்த சத்தம். சூப்பர்வைசர் தடுக்கத் தடுக்க, வெறும் புடவையோடு உள்ளே பாய்ந்தாள்.

"ஒரு பெட்டி தூக்கத் துப்பில்ல! இதுக்கா என் தூக்கத்தைக் கெடுத்தீங்க? நகருங்க அந்தப் பக்கம்!"

கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்ததில் தொடங்கினாள். ஒரு திட்டு, ஒரு பெட்டி, ஒரு திட்டு, ஒரு பெட்டி. திட்டு தீருவதற்குள் பெட்டி தீர்ந்துவிட்டது. அப்படியும் ஆத்திரம் அடங்காமல், இடுப்பில் கைவைத்து நின்று முறைத்தாள்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உள்ளே வந்து அரைமணி தாண்டியிருந்தது.

"அண்ணே, நீங்க வெளியே போய் வெயில்ல நில்லுங்க. அக்கா, உங்களுக்குக் காலை ஷிப்டா, சாயங்கால ஷிப்டா?"