கூரையை எட்டாத சுவர்

அடுத்தவர் வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. நான் ஓர் உளவியலாளர். அந்தப் பிழைப்பைத் தொடங்கிய புதிதில், ஒரு குடும்பத்தின் ரகசியத்தை ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் அத்தனை வீடும் கேட்கும்படி பேசவைத்த பெருமையும் எனக்குத்தான் உண்டு.

பிரிவதென்று முடிவெடுத்த கணவனும் மனைவியும் கோர்ட்டில் ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைக்காமல், இரு தரப்பு வக்கீல்களோடும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. சொத்துபத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளையின் மனசைப் பார்க்க என்னைப் போல ஒருத்தி. கொழும்பில் இதையெல்லாம் படித்துவிட்டு டிக்கோயாவில் அம்மா வீட்டுக்கு வந்திறங்கியபோது, மலைநாடே எனக்காகக் காத்திருப்பதாக நினைப்பு. (நான் வந்தது பக்கத்து வீட்டுக்கே தெரியாது.)

முதல் கேஸ் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடைத்தது. ரவி ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி விஜி, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள் கிஷானி, ஒன்பது வயது. பிரிவதில் இருவருக்கும் தகராறே இல்லை. மகள் யாரிடம் இருப்பது என்பதில்தான் இருவரும் விடாப்பிடியாக நின்றார்கள். இந்தத் தடவையும் பேச்சு முறிந்தால் கோர்ட்டில் மோத வேண்டியதுதான் என்று வக்கீல்கள் கையை விரித்துவிட்டார்கள்.

வக்கீல் அறையில் உட்கார்ந்தால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள், விஜியின் வீட்டிலேயே பேசுவோம் என்று சொன்னது என் மேதாவித்தனம். அது வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைத் தகரத்தை எட்டாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் நானும் லயத்தில் வளர்ந்தவள்தான். கொழும்புப் படிப்பு வந்து மூளையில் உட்கார்ந்ததும், இடம் போதாமல் அந்தச் சுவர் வெளியே போய்விட்டது.

கிஷானியின் காதில் எதுவும் விழக் கூடாது என்று அவளைப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் விட்டுவரச் சொன்னேன். அங்கே டீவியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமியதும் அது நின்றது. என்ன மரியாதையான சனங்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

"இங்க பேசுறது இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டேன்.

ரவி தலையாட்டினார். விஜியும் தலையாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மல்லிகா அக்கா, "சரிங்க மிஸ்" என்றார்.

நிமிர்ந்து, மேலே திறந்து கிடந்த அந்த ஒரு முழத்தைப் பார்த்தேன். அப்போதே எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வேறு இடம் போயிருக்கலாம். ஆனால் எது நடந்தாலும் நிதானத்தை விடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் நிதானத்தைப் பிடித்துக்கொண்டு புத்தியை விட்டுவிட்டேன். குரலை மட்டும் தாழ்த்தி, பிள்ளைக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று இருவரும் அடித்துச் சொன்னார்கள். பெற்றோர் சேர்ந்து அதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று நான் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பிக்க வாயெடுத்தேன்.

"எனக்குத் தெரியும் மிஸ். போன லீவுலயே தெரியும்." கூரைக்குக் கீழே அந்த இடைவெளி வழியாகக் கிஷானியின் குரல் வந்தது.

விஜி வாயைப் பொத்திக்கொண்டார். ரவி தரையைப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி, இந்தப் பிள்ளை அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அறிய மனசு துடித்தது.

"நான் எங்க படுக்கிறதுன்னுதான் எப்பவும் பேசுறீங்க. ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டுப் போறது? பரிசளிப்புக்கு ரெண்டு பேரும் வருவீங்களா, இல்ல ஒருத்தர்தானா?"

இதை வக்கீல்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரவி சுவரைப் பார்த்தபடி, "காலையில அப்பா ஆட்டோவுல வாரேன்மா" என்றார். விஜியும் அதே சுவரைப் பார்த்து, "பரிசளிப்புக்கு ரெண்டு பேரும் வாரோம்" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்காதது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் தள்ளி ஏதோ ஒரு வீட்டிலிருந்து, மிஸ்ஸுக்கு டீயில் சீனி போடலாமா என்று விசாரித்தார்கள்.

விவாகரத்து நடந்தது, சண்டை நடக்கவில்லை. கிஷானி அம்மாவிடம் இருந்துகொண்டு அப்பாவோடு பள்ளிக்கூடம் போனாள். பரிசளிப்புக்கு இருவரும் வந்து, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்களாம். அந்த நாற்காலியில் மல்லிகா அக்கா உட்கார்ந்தாராம்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது "நமக்குள்ள இருக்கட்டும்" என்று ஆரம்பித்தால் போதும், அம்மா சமையலறையிலிருந்து "சரிங்க மிஸ்" என்பார். என் கணவரும் கல்யாணமான கையோடு அதைக் கற்றுக்கொண்டார்.

போன மாதம் அவருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். எங்கள் வீட்டுச் சுவர்கள் கூரை வரைக்கும் எட்டும். கதவையும் சாத்தியிருந்தோம். "மெதுவாப் பேசுங்க, பிள்ளைக்குக் கேக்கப் போவுது" என்றேன்.

அடுத்த அறையிலிருந்து எங்கள் மகள், "சரிங்க மிஸ்" என்றாள்.