மொட்டை மாடியில் ஏற்றிய நெட்

படித்தவனுக்குத்தான் புத்தகம் வேண்டும், எனக்குக் கை போதும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பிளம்பர் நான். இந்தக் கை தண்ணீர்க் குழாய் போட்ட வீடுகள் தண்டையார்பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. என் மாடி வீடும் அப்படி எழும்பியதுதான். அந்தப் பெருமையெல்லாம் ஒரே காலையில் வெயிலில் காய்ந்தது.

எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே கேபிள். மொட்டை மாடியில் இறங்கி, டிவிக்கும் நெட்டுக்குமாகப் பிரியும். மருமகள் கலைக்கு அன்று லேப்டாப்பில் வேலைக்கான நேர்காணல். குழந்தை பிறந்ததும் விட்ட வேலை. பல கம்பெனிகள் கைவிரித்த பிறகு வந்த அழைப்பு. நெட் விட்டுவிட்டு வருகிறது என்று முந்தின நாள் புலம்பியிருந்தாள்.

யார் காதில் விழுந்தது பாருங்கள்! மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமில்லாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் என்ன செய்வோம்? மாடியில் டேங்க் வைப்போம். அவள் குளிக்கப் போன நேரத்தில் நெட் பெட்டியைத் தூக்கிப்போய் டேங்க் பக்கத்தில் வைத்து, மோட்டார் பிளக்கில் கரண்ட் கொடுத்தேன். கேபிளை வெட்டி ஒவ்வொரு டிவிக்கும் ஒரு கிளை பிரித்து, மிச்சத்தைப் பெட்டிக்கு விட்டேன். (இணைப்புகளில் டெஃப்லான் டேப்பும் சுற்றினேன். கசியக் கூடாதல்லவா?)

நேர்காணல் தொடங்கியதுமே படம் உறைந்துவிட்டது. போனில் கொஞ்சம் அவகாசம் கேட்டுவிட்டு, லேப்டாப்போடு மாடியேறி வந்தாள் கலை.

"இன்னா மாமா பண்ணி வச்சிகீறீங்க?"

"பிரஷர் ஏத்திகீறேம்மா."

"நெட்டு தண்ணி இல்ல மாமா. பங்கு போடப் போட வலு கொறையும். எல்லா டிவிக்கும் குடுத்துட்டு எச்சத்த எனக்கு வுட்டுகீறீங்க."

அவ்வளவுதான், திட்டவில்லை. என் கிளைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, வந்த கேபிளை நேராகப் பெட்டியில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. இறங்க நேரமில்லை, அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். திரையில் வெயில் அடிக்காமல் நான் குடை பிடித்தேன்.

கீழே டிவி நின்றுபோன கோபத்தில் என் மனைவி குரல் கொடுத்தாள். "யோவ், மேல இன்னாத்தக் கழட்டிகினுகீற?"

அவள் கத்தினால் எண்ணூர் வரை கேட்கும். திரையிலிருந்த அதிகாரி என்ன சத்தம் என்று விசாரித்தார். கலை மழுப்பவில்லை.

"எங்க வீட்டு லைன்ல கோளாறு சார். என் மாமனார் உதவி பண்ணப் போய் ஆயிடுச்சு. சரி பண்ணிட்டேன். இப்ப குடை பிடிக்கிறதும் அவருதான். நீங்க கேளுங்க."

பிறகு அவள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு இடத்தில்கூட அடைப்பில்லாமல் ஓடியது. எத்தனையோ மேஸ்திரிகளைப் பார்த்தவன் நான், அப்படி ஒரு நிதானத்தைப் பார்த்ததில்லை.

வேலை கிடைத்தது. இன்றைக்கும் முக்கியமான மீட்டிங் என்றால் அந்த அதிகாரி முதலில் கேட்பது, "கலை, மாமனார் கீழே இருக்காரா?"

கீழேதான் இருக்கிறேன். மொட்டை மாடிச் சாவி மருமகளிடம் இருக்கிறது.