ஆளுக்கு ஒரு கால்

யாரையும் நம்பாமலே ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிட முடியும் என்று எங்கள் பேட்டையான மர்பி டவுனுக்கு நிரூபித்தவர் செக்கர். சிட்டி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கோயிலில் சுண்டல் கொடுத்தால்கூட, தனக்கு மட்டும் ஏன் ஒரு கரண்டி கூடுதல் என்று பூசாரியை விசாரிப்பார்.

அவருக்கு முட்டியை மாற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது பஸ் ஸ்டாப்பில். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறிப் பழகியவர், நின்ற பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் இறங்கி வந்து, "நிதானா ஹத்தி சார்" என்று, மெதுவாக ஏறச் சொல்லிக் கன்னடத்தில் சொல்லி, இடுப்பில் கை கொடுத்தார். செக்கர் அந்தக் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். பிறகு அந்த ஸ்டாப் பக்கமே வரவில்லை.

நான் பி.எஸ்சி. படிப்பவள். சும்மா இருக்க முடியுமா? அன்று மாலையே அல்சூரில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து, கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டில் தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றலாம், அல்லது மூட்டு முழுவதையும் மாற்றலாம் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். ஒரு பக்கம் மட்டும் என்றால் சீக்கிரம் நடக்கலாம், கால் நம் கால் மாதிரியே இருக்கும். ஆனால் மற்ற பக்கமும் பின்னால் தேய்ந்தால் திரும்ப ஆபரேஷன். முழுசு என்றால் வெட்டு பெரிசு, தேற நாளாகும். திரும்பக் கத்தி வைக்கிற வாய்ப்பு குறைவு.

செக்கர் கண்ணை இடுக்கினார். "எந்த ஆஸ்பத்திரி உனக்குக் கமிஷன் தருது, பாப்பா?"

ஆனாலும் சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு டாக்டர்களைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு பக்கம் மாற்றினால் போதும் என்றாராம் ஒருவர். முழுசாக மாற்றியே தீர வேண்டும் என்றாராம் மற்றவர். செக்கரின் முகத்தில் டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த சந்தோஷம்.

"பாத்தியா? ஒருத்தன் திரும்பத் திரும்ப வர வைக்கப் பாக்குறான். இன்னொருத்தன் இப்பவே மொத்தமா வாரப் பாக்குறான்."

எக்ஸ்ரேக்களை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றில் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. மற்றதில் எந்தப் பக்கத்திலும் இடைவெளியே இல்லை. இரண்டு வேறு ஆட்களின் முட்டி போல இருந்தது. ஓரத்தில் இருந்த குறியைப் பார்த்தேன். ஒன்று இடது, மற்றது வலது.

"சார், டாக்டருங்களுக்கு ஆளுக்கு ஒரு காலையா காட்டினீங்க?"

"பின்னே? செக்கிங்குக்கு ரெண்டு பேர் போனா ஒரே வாசல்லயா ஏறுவோம்? ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. முழுசையும் ஒருத்தன்கிட்ட காட்டக் கூடாது."

காட்டாத காலை எந்த டாக்டரையும் தொடக்கூட விடவில்லையாம். அது நன்றாக இருக்கிறது என்று நொண்டிக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாராம்.

இடதுக்கு ஒரு பக்கம், வலதுக்கு முழுசு. இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். செக்கருக்கு அது ஜீரணமாகவில்லை.

"ரெண்டு பேரும் உண்மை சொல்றானுங்கன்னா, கூட்டு சேந்திருக்கானுங்க."

பிறகு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "பஸ் ஏற முடியுமா? கண்டக்டர் இறங்கி வராம?"

"அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும் சார். ரெண்டு காலையும் எடுத்துக்கிட்டுப் போய்க் கேக்கணும்."

இடதைப் பார்த்த டாக்டரிடமே போனோம். உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் ஏறலாம் என்றார் டாக்டர். முதலில் இடது கால், வருகிற திங்கட்கிழமை. வலது கால், இடது தேறும்வரை சாட்சியாக இருக்கட்டும் என்று செக்கர் தீர்ப்பு சொல்லிவிட்டார். கால் மாறிவிடக் கூடாதென்று வலது முட்டியில் பால்பாயின்ட் பேனாவால் 'இது இல்லை' என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறார். தினமும் குளித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறார்.

இரண்டு காலும் தேறியதும் சிவாஜி நகர் பஸ்ஸில் ஏறுவதாக எங்களுக்குள் ஏற்பாடு. அவர் பின் வாசலில், நான் லேடீஸ் பக்கம் முன் வாசலில். அன்றைக்கு நான் டிக்கெட் வாங்கப்போவதில்லை. பஸ்ஸின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் அவரே நடந்து வந்து என்னைப் பிடிக்கட்டும்.