கழுத்துக் கணக்கும் ஒற்றை மாட்டு வண்டியும்

நிமிர்புரி என்றொரு நாடு. அங்கே அரசர் ஒருவர் இருந்தாலும் நடந்தது மக்களாட்சிதான். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று கேட்டவருக்கு மகாசபை இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நாட்டில் இரண்டே வகை வண்டிகள். ஒற்றை மாடு பூட்டிய சின்ன வண்டி ஒன்று, நான்கு மாடு பூட்டிய உயர வண்டி மற்றொன்று. இரண்டையும் அரசின் வண்டிச்சாலைகள்தான் செய்தன. வழியில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் யாருடைய கண்மட்டம் தாழ்ந்திருக்கிறதோ அவர் ஓரம் ஒதுங்கிக் குடையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அங்கே வழிவழியாக வந்த மரியாதை. மழைக்கும் அதில் விலக்கில்லை.

எந்த வண்டியைச் செய்வது, எதை நிறுத்துவது என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று வண்டித்துறை மந்திரி ஒரு சட்டம் கொண்டுவந்தார். மக்களைக் கேட்டால் வாயால் அடக்கமாகப் பேசிவிடுவார்கள், கழுத்துக்கு நடிக்கத் தெரியாது என்பது அவர் வாதம். ஆகவே ஒவ்வொரு பேட்டையின் நாற்சந்தியிலும் உயரமான முக்காலி போட்டு ஒரு கழுத்துக் கணக்கர் அமர்த்தப்பட்டார். அவர் முன்னால் இரண்டு பானைகள். தெருவில் போகிற எவராவது ஒரு வண்டியைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், அந்த வண்டியின் பானையில் ஒரு புளியங்கொட்டை விழும், திரும்பியவர் பெயர் ஓலையில் ஏறும். ஆண்டுக் கடைசியில் கொட்டை குறைந்த பானைக்குரிய வண்டி அந்தப் பேட்டையில் நிறுத்தப்படும். சின்ன வண்டி செய்யும் உழைப்போடு கால் பங்கு சேர்த்தால் உயர வண்டி முடிந்துவிடும், விலையோ நாலு மடங்கு. இதற்கும் தம் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று மந்திரி மூன்று முறை அறிவித்தார். யாரும் கேட்காமலே அறிவித்தார்.

தெற்குப் பேட்டையில் ஊசித்தெரு என்றொரு சந்து. நாற்பது வீடுகள், கிணறு கிடையாது. பேட்டைக்கு வெளியே இருந்த ஆனைக்கிணற்றிலிருந்து அந்த நாற்பது வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுவந்தவன் மாசிலாமணி. அவனுடைய சின்ன வண்டி சந்துக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளிதான் மிஞ்சும். வண்டிக்குப் பதினோரு வயது, வரும் சித்திரையில் பன்னிரண்டு. பன்னிரண்டு வயதான வண்டியை உடைத்துப் போட வேண்டும் என்று போன ஆடியில் ஒரு சட்டம் வந்திருந்தது. பங்குனி முடிவதற்குள் மாசிலாமணிக்குப் புதிய சின்ன வண்டி ஒன்று கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பில்லை, தெருவுக்குத் தண்ணீரில்லை.

ஆனால் அவன் மனத்தில் எந்நேரமும் ஓடியது தன் வண்டியல்ல, சகலையின் வண்டி. அவன் மனைவி அஞ்சுகத்தின் அக்காளைக் கட்டிய பூவராகன், ஆவணி மாதத்திலேயே உயர வண்டி வாங்கிவிட்டான். பூவராகனுக்கு வேலை வீட்டிலிருந்து கடைக்குப் போவதும் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதும்தான். இரண்டுக்கும் நடுவே முந்நூறு அடி. அதற்கு நான்கு மாடு.

நாளொன்றுக்கு ஒரு கட்டுக்கு மேல் வைக்கோல் தின்னும் வண்டிகளுக்குத் தண்டம் உண்டு. உழவு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. கலப்பை தொங்கும் வண்டியெல்லாம் உழவு வண்டி என்று சபை விளக்கம் சொன்னதால், உயர வண்டி ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ளங்கை அளவில் பளபளவென்று ஒரு கலப்பை தொங்கியது. மாசிலாமணியும் ஒன்று மாட்டப் போனான். வண்டி தாழ்வாக இருப்பதால் கலப்பை தரையில் உரசிச் சாலை கெடும் என்று தடுத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் நாற்சந்தியில் இருவரும் எதிர்ப்படுவார்கள். மாசிலாமணி ஒதுங்கிக் குடையை மடக்குவான். மேலேயிருந்து பூவராகனின் குரல் வரும்.

"என்ன சகல, கீழ எல்லாரும் சௌக்கியமா?"

மாசிலாமணிக்கு வயிறு எரியும். பேச்சுக்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே எரியும். மோர் குடித்துத்தான் அடக்குவான். மாமனார் வீட்டு விசேஷத்தில் முதல் இலை பூவராகனுக்கு விழுந்தபோதும் எரிந்தது. அந்தச் சக்கரத்தின் ஆரங்களைப் பார்த்தாலும், திண்டின் சிவப்பைப் பார்த்தாலும், நான்கு மாடுகளின் கழுத்துச் சலங்கையைக் கேட்டாலும் எரிந்தது. இருந்தும் அந்த வண்டி கடந்துபோன பிறகு திரும்பிப் பார்க்காமல் இருக்க அவனால் முடிந்ததில்லை. அது தெருமுனை திரும்பி மறையும்வரை பார்ப்பான். முக்காலியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். நாம் ஆசையாகவா பார்க்கிறோம், இது கணக்கில் சேராது என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான்.

மாசி கடைசியில் புதிய வண்டிக்குச் சொல்லிவைக்க வண்டிச்சாலைக்குப் போனான். அதிகாரி மெய்யழகனார் ஓலைக்கட்டுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார்.

"சின்ன வண்டியா? அடுத்த மாதத்தோடு நிறுத்தப்படும் நிலையில் உள்ளது. மக்கள் விரும்பவில்லை."

"எனக்கு வேணுங்களே. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் வேணும்னுதான் சொல்லுவாங்க."

"வாய்மொழி செல்லாது. உமது பெயர்?" மாசிலாமணி பெயரைச் சொன்னான். அதிகாரி ஒரு ஓலையை உருவினார். "மாசிலாமணி, ஊசித்தெரு. இதுவரை நீர் கழுத்தைத் திருப்பியது இருநூற்றுப் பதினான்கு முறை. அத்தனையும் உயர வண்டிக்கு. சின்ன வண்டியை ஒரு முறைகூட நீர் திரும்பிப் பார்த்ததில்லை."

"நான் எதுக்குங்க திரும்பிப் பாக்கணும்? அதுலதானே உக்காந்திருக்கேன்!"

மெய்யழகனார் இதைப் பரிவோடு கேட்டுக்கொண்டார். "இருக்கலாம். ஆனால் இருநூற்றுப் பதினான்கு முறை ஒன்றை விரும்பிப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்பது அரசுக்குக் குழப்பம் உண்டாக்கும் செயல்."

"விரும்பி எங்கங்க பாத்தேன்? அது வயித்தெரிச்சல்!"

"வயிற்றெரிச்சலுக்குத் தனிப் பானை வைக்கச் சட்டத்தில் இடமில்லை," என்றார் அதிகாரி. "தெற்குப் பேட்டையிலேயே அதிகம் திரும்பிய கழுத்து உம்முடையதுதான். மந்திரி உமக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

வீடு திரும்பிய மாசிலாமணி தெருவைக் கூட்டினான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். தன் இருநூற்றுப் பதினான்கையும் சொன்னான். பிறகு மூன்றாம் வீட்டுப் பட்டம்மாள் எழுந்து, "நானும் தினம் நாலு தடவ பாக்குறவதான். அந்தச் செவப்புத் திண்டு கண்ணுக்குள்ளயே நிக்குது," என்றாள். அதன் பிறகு ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு மாதம் இருந்தது. முடிவு எளிமையானது. உயர வண்டியை ஒருவரும் பார்க்கக் கூடாது, மாசிலாமணியின் வண்டியை எல்லோரும் பார்க்க வேண்டும். பங்குனி முதல் நாளிலிருந்து நாற்பது வீட்டுச் சனமும் முறை வைத்துக்கொண்டு நாற்சந்திக்கு வந்தது. மாசிலாமணி சின்ன வண்டியை அங்கும் இங்கும் ஓட்ட, அவர்கள் அதைக் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தார்கள், மறுபடி கடந்து போய் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். மாடே வெட்கப்பட்டது. ஊசித்தெருவில் கழுத்துச் சுளுக்கு இல்லாத வீடில்லை; நல்லெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. கழுத்துக் கணக்கர் இரண்டு முறை புளியங்கொட்டை கேட்டு ஆளனுப்பினார்.

தினம் சாயங்காலம் பானைகளை எண்ணிச் சொல்வார்கள். பத்தாம் நாள் சின்ன வண்டி இரண்டாயிரம் கொட்டை பின்தங்கியிருந்தது. இருபதாம் நாள் ஐந்நூறு. கடைசி நாள் உச்சிப்பொழுதிலேயே எண்ணியபோது முப்பத்தொரு கொட்டை முன்னால் வந்துவிட்டது. சந்தியில் பெண்கள் குலவையிட்டார்கள். சாயங்கால மணி அடிக்கும்வரை உயர வண்டி எதையும் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டால் போதும்.

"வண்டி வந்தா நான் நேராப் பாக்குற எடத்தையே எல்லாரும் பாருங்க," என்றான் மாசிலாமணி. "நான் திரும்புனாத்தான் நீங்க திரும்பணும்."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மணியடிக்க அரை நாழிகை இருக்கும்போது சலங்கைச் சத்தம் கேட்டது. பூவராகன்தான். பழையதைக் கொடுத்துவிட்டு அதைவிட ஒரு முழம் உயரமான புது வண்டி வாங்கியிருந்தான்; ஏறுவதற்கு ஏணி வைத்திருந்தது. மாசிலாமணி வண்டியை ஓரங்கட்டிக் குடையை மடக்கி, எதிரே இருந்த எண்ணெய்க்கடைச் சுவரில் கண்ணை ஊன்றினான். நாற்பது வீடும் எண்ணெய்க்கடைச் சுவரைப் பார்த்தது. புது வண்டி கடந்துகொண்டிருந்தது. புது மரத்தின் வாசனை வந்தது. வயிறு எரிந்தது. கழுத்து அசையவில்லை.

"என்ன சகல, கீழ எல்லாரும் சௌக்கியமா?"

அசையவில்லை. ஆயுளில் முதல் தடவையாகத் தன்னை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அது அஞ்சுகத்தின் சிரிப்பு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பிள்ளை பிறந்தபோது ஒரு தடவை என்று மாசிலாமணி கணக்கு வைத்துக் கேட்ட சிரிப்பு. தண்ணீர் வண்டியில் உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அது இப்போது அந்த வண்டியிலிருந்து, அந்தச் சிவப்புத் திண்டிலிருந்து வந்தது.

மாசிலாமணி திரும்பினான்.

அவன் திரும்பியதும் ஊசித்தெரு முழுக்கத் திரும்பியது. ஆணும் பெண்ணுமாக நூற்றுப்பத்துக் கழுத்துகள். கணக்கர் இரண்டு கையாலும் கொட்டை போட்டார். அவர் போட்டு முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

"கால் வலிச்சுதுங்க," என்றாள் அஞ்சுகம், வீட்டில். "அக்கா வீட்லேருந்து நடந்துதான் வந்தேன். வழியில கூப்பிட்டாங்க, ஏறுனேன்."

"எதுக்குச் சிரிச்ச?"

பொய் சொல்லத் தெரியாதவள் அவள்.

"மேல காத்து நல்லாருந்துச்சுங்க," என்றாள்.

மறுநாள் தமுக்கடித்துத் தெற்குப் பேட்டை மக்களின் விருப்பம் அறிவிக்கப்பட்டது. பதினைந்தாம் நாள் மாசிலாமணியின் வண்டியை உடைத்தார்கள். ஊசித்தெருவின் குறையைக் கேட்கச் சபை ஒரு குழு அமைத்தது. குழு தன் உயர வண்டியில் வந்தது, சந்துக்குள் நுழைய முடியவில்லை, வாசலிலேயே நின்று அறிக்கை எழுதியது. உயர வண்டி நுழையாத இடத்தைத் தெரு என்று சொல்ல முடியாது. தெருவே இல்லாத இடத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்று ஒன்று இருக்கவும் வாய்ப்பில்லை.

அதன் பிறகு நாற்பது வீட்டாரும் ஆனைக்கிணற்றிலிருந்து தண்ணீரைத் தலையில் சுமந்தார்கள். போக அரைக் காதம், வர அரைக் காதம். மாசிலாமணியும் சுமந்தான், தன் வீட்டுக்கு ஒரு நடை, தனியாக இருக்கும் பட்டம்மாளுக்கு ஒரு நடை.

அடுத்த சித்திரையில் முதல் மந்திரிக்கான தேர்தல் வந்தது. வண்டிகளில் இத்தனை வெற்றி கண்ட முறையை மனிதர்களுக்கும் நீட்டிக்கலாம் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. போட்டியிட்டவர்கள் நாற்சந்தி வழியாகப் போனார்கள். நடந்து போன ஒருவர் கிணறு வெட்டித் தருவதாக மெல்லிய குரலில் சொன்னார், அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டித்துறை மந்திரி எட்டு மாடு பூட்டிய வண்டியில் தப்பட்டை கொட்டிக்கொண்டு போனார். தலைச்சுமை இல்லாதவர் அத்தனை பேரும் திரும்பினார்கள், பாதிப்பேர் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர்தான் ஜெயித்தார்.

முடிவை வாசித்தவர் மெய்யழகனார். முக்காலிமேல் ஏறி நின்று, எந்தத் தெருவில் எத்தனை கழுத்து என்று வரிசையாகப் படித்தார். மாசிலாமணி அப்போது பட்டம்மாளின் குடத்தோடு சந்தியைக் கடந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னும் பின்னும் ஊசித்தெருக்காரர்கள், ஒவ்வொரு தலையிலும் நிறைகுடம்.

"ஊசித்தெரு," என்று படித்தார் அதிகாரி. "தேர்தல் காலம் முழுவதும் எவரும் எந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பவில்லை. ஆகவே அம்மக்களுக்கு எந்த விருப்பமும் இல்லை, எந்தக் குறையும் இல்லை, முழு மனநிறைவோடு வாழ்கிறார்கள் என்று சபை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறது."

மாசிலாமணிக்குத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. வரிசையில் யாருக்குத்தான் அப்படி இல்லை! திரும்பினால் தண்ணீர் சிந்திவிடும். இன்னும் கால் காதம் நடக்க வேண்டும். அவன் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நடந்தான்.